புது ஐயருக்கு முதல் சாப்பாடு யார் வீட்டில்?

மே மாதக் கடைசி ஞாயிறு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய ஒரு சபையில் புதிய ஆயருக்கு வரவேற்பு. சபையின் பெயர் வேண்டாம். சொன்னால் அந்த ஒரு சபைதான் கெட்டது, மற்றவை எல்லாம் யோக்கியம் என்றாகிவிடும். சால்வை, ரோஜா மாலை, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் பாட்டு, கேசரி, ஒரு வடை. ஆயருக்கு முப்பது வயதுகூட இருக்காது. கைக்குழந்தையோடு மனைவி. வெளியே லோடு ஆட்டோவில் ஒரு கட்டில், ஒரு பீரோ, நான்கு மூட்டைப் புத்தகங்கள், சிலிண்டர்.

மாலை போட்ட கையோடு ஒரு அம்மா கேட்டார்: "ஐயருக்கு எந்த ஊரு?"

"வந்தவாசிப் பக்கம்மா."

"வந்தவாசியில எங்க?"

ஊர்ப் பெயரைச் சொன்னார்.

"ஊருக்குள்ளயா, தள்ளியா?"

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "தள்ளித்தாம்மா."

அவ்வளவுதான் உரையாடல். பெயரில் சாதி இல்லை, சான்றிதழ் யாரும் கேட்கவில்லை. மூன்று கேள்வியில் முடிந்துவிட்டது. பி.டி. படிப்பு, கிராமங்களில் பயிற்சிக் காலம், குருப்பட்டம் என்று பல ஆண்டுகள் போட்டுச் சேர்த்ததை ஒரு நிமிடத்தில் உரித்து எடுத்துவிட்டார்கள்.

ஆனால் நான் எழுத வந்தது அந்தக் கேள்வியைப் பற்றி அல்ல. அதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அன்று மதியம் குருமனைச் சமையலறை அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒரு தாளைப் பார்த்தேன். அதைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

புது ஆயர் வந்தால் அடுப்பு மூட்டி வீடு பழகும் வரை சபைக் குடும்பங்கள் முறைவைத்துச் சாப்பாடு கொடுப்பது எங்கள் பக்கத்துச் சபைகள் பலவற்றில் உள்ள நல்ல பழக்கம். அந்தத் தாள் அதற்கான பட்டியல். பதினைந்து நாள், மூன்று வேளை, எதிரே குடும்பத் தலைவர் பெயர். பட்டியலின் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு பெயர்கள், அவற்றின் எதிரே வேளை இல்லை, தொகை மட்டும். இருநூறு, முந்நூறு. "காலனிக் குடும்பங்கள் காணிக்கையாகக் கொடுத்தால் போதும்" என்று பேனாவால் எழுதியிருந்தது. கமிட்டியில் ஒருவரிடம் கேட்டேன். "பாவம், அவங்களுக்கு எதுக்கு சிரமம்? கூலி வேலைக்குப் போறவங்க" என்றார். குரலில் உண்மையான பரிவு இருந்தது. தீண்டாமை பரிவின் குரலில் பேசும்போது அதோடு சண்டை போடுவது கடினம்.

காலனிக்காரர்களின் காசு குருமனைக்குள் வரலாம், சோறு வரக்கூடாது.

இந்தச் சபையின் கதையை அறிந்தால்தான் இதன் அநியாயம் முழுதாக விளங்கும். கோயில் நிற்கும் இடத்தைக் கொத்தித் திருத்தியது காலனி. கூரைக் கொட்டகையாக இருந்தபோது ஜெபத்துக்கு வந்தது காலனி. 1980களில் சிப்காட் வந்து, இரும்பு உருக்கும் ஆலைகளும் வேதிப்பொருள் ஆலைகளும் வந்து, மேற்பார்வையாளர்களாகவும் பொறியாளர்களாகவும் வெளி மாவட்டக் கிறித்தவக் குடும்பங்கள் குடியேறின. காணிக்கைப் பெட்டி கனத்தது. கான்கிரீட் கோபுரம் எழுந்தது. கமிட்டி கைமாறியது. பழைய குடும்பங்கள் இன்று கோயிலுக்குள் பின்பெஞ்சு. ஆலைக்குள் ஒப்பந்தத் தொழிலாளி. அதே மேற்பார்வையாளர்தான் இரண்டு இடத்திலும் வருகைப்பதிவு எடுக்கிறார் என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். வேடிக்கையாகத்தான் சொன்னார்.

நான் முனைவர் பட்டத்துக்காக மிஷனெரிகளின் ஆவணங்களைப் படிப்பவள். திருவள்ளூர்ப் பக்கத்து உபதேசியார் ஒருவரின் மகளும்கூட. ஆகவே இந்தப் பட்டியலை வெறும் கமிட்டித் தகராறாகப் பார்க்க என்னால் முடியவில்லை. தமிழ்நாட்டுத் திருச்சபையின் வரலாற்றில் மிஷனெரி வந்து இறங்கிய நாளிலிருந்தே கேள்வி இதுதான்: வந்தவர் எங்கே தங்குவார், யார் கையால் சாப்பிடுவார்?

1706 ஜூலையில் சீகன்பால்கும் புளூட்சோவும் தரங்கம்பாடிக்கு வந்தபோது அங்கிருந்த டேனியத் தளபதி அவர்களை வேண்டா விருந்தாளியாகத்தான் நடத்தினார். அந்தக் கதையை ஞாயிறு பள்ளியில் கண்ணீர் வரச் சொல்வார்கள். அதே தரங்கம்பாடி மிஷன் அடுத்த தலைமுறையில் செய்ததைச் சொல்ல மாட்டார்கள். 1733இல் ஆரோன் என்ற வேளாளருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். இந்தியாவின் முதல் லுத்தரன் போதகர் என்று கொண்டாடுகிறோம். அதே காலத்தில் தஞ்சைப் பகுதியில் இராசநாயக்கன் என்றொரு உபதேசியார் இருந்தார். முன்னாள் படைவீரர், பறையர். சபைகளைக் கட்டியவர், அதற்காக அடி வாங்கியவர். குருப்பட்டத்துக்கு அவர் பெயர் பேசப்பட்டது. கொடுக்கவில்லை. அவர் கையிலிருந்து திருவிருந்து வாங்க மேல்சாதிக் கிறித்தவர்கள் வரமாட்டார்கள் என்ற அச்சம். 1741இல் தியோகு என்பவருக்குப் பட்டம் போனது. இராசநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார். யாருக்கு அப்பம் கொடுக்கலாம் என்பதல்ல அங்கே சிக்கல், யார் கையிலிருந்து வாங்கலாம் என்பதுதான். கும்மிடிப்பூண்டி அலமாரியில் ஒட்டியிருக்கும் தாள் அந்த முடிவின் நகல்தான்.

கத்தோலிக்கர்கள் இதில் இன்னும் ஒழுங்காக வேலை செய்தார்கள் என்று சொல்ல வேண்டும். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி பார்ப்பனச் சந்நியாசி வேடம் பூண்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். அது போதவில்லை. பிற சாதியாருக்கென்று பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் 'பண்டாரசாமி' என்ற தனி வகை மிஷனெரிகளை உண்டாக்கினார்கள். ஒரே சபையைச் சேர்ந்த இரண்டு இயேசு சபைத் துறவிகள் வெளிப்படையாகக் கலந்து பழக முடியாத நிலை. இந்த மலபார் சடங்குச் சர்ச்சை ரோம் வரை போய், 1744இல் பதினான்காம் பெனடிக்ட் ஆணை வெளியிட்டபோது, பறையர்களுக்கெனத் தனி மிஷனெரிகளை நியமிக்கும் ஏற்பாட்டுக்கு ரோமே இசைந்தது. சாதிவாரிப் பணி நியமனம் ஏதோ பட்டிக்காட்டுப் பங்குப் பேரவையின் கண்டுபிடிப்பு அல்ல.

சீர்திருத்த சபையார் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் ஆதிக்க சாதிக் கிறித்தவர்கள் கோயிலை விட்டு வெளியேறினார்கள். 1847இல் அமெரிக்க மதுரை மிஷன் ஊழியர்களுக்கு ஒரு சோதனை வைத்தது. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும், பறையர் சமைத்ததும் அதில் அடங்கும். பல உபதேசியார்கள் வேலையை விட்டுப் போனார்கள். கிறிஸ்துவுக்காக வீட்டை விட்டவர்கள், ஒரு பந்திக்காக கிறிஸ்துவை விட்டார்கள். 'அன்பின் விருந்து' என்று அதற்குப் பெயர்.

இனி நம் ஊருக்கு வருவோம். இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் பெரும்பகுதி அன்று செங்கல்பட்டு மாவட்டம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடி திருவள்ளூர், ஈக்காடு பகுதியில் வேலை செய்தார். தெற்கே செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து சபையின் ஆடம் ஆண்ட்ரூ. இவர்கள் சேரிக்குள் ஒரு பள்ளிக்கூடமோ உபதேசியார் வீடோ கட்டப் போனபோது முதலில் வந்து நின்றது வேதம் அல்ல, மனை. சேரி மக்கள் குடியிருக்கும் நத்தமே மிராசுதாருக்குச் சொந்தம் என்றார்கள். பள்ளிக்கு இடம் கொடுத்தால் குடிசையைக் காலி செய் என்ற மிரட்டல். புதிதாக வந்த உபதேசியாரைக் குடியமர்த்துவது என்பது ஒரு சதுரத் தரைக்கான நிலப்போராட்டமாக இருந்தது. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் அரசுக்கு எழுதிய அறிக்கையில் இந்த மனைப் பிடிமானம் பேசப்படுகிறது. அதையடுத்து 1892 செப்டம்பர் 30 அரசாணைகள், பஞ்சமி நிலம். இதை விரிவாக அறிய விரும்புவோர் ரூபா விஸ்வநாத் 2014இல் வெளியிட்ட 'தி பறையா பிராப்ளம்' நூலைப் படிக்கலாம். மிஷனெரிகளைப் புனிதர்களாகவும் காட்டாத, சதிகாரர்களாகவும் காட்டாத நூல் அது.

கௌடி காலத்து மிஷனெரிகளிடம் எனக்கு நிறைய வழக்கு உண்டு. சாதியை மதக் கோளாறாகப் பார்த்தார்கள், பண்ணையடிமைத்தனத்தின் பொருளாதாரத்தைத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டார்கள். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். உபதேசியார் சேரிக்குள் குடியிருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார்கள். என் தாத்தா குடியிருந்த உபதேசியார் வீடு அந்தப் பிடிவாதத்தில் கட்டியது. இன்று குருமனை எங்கே இருக்கிறது என்று உங்கள் ஊரில் போய்ப் பாருங்கள். தண்ணீர் வசதி, சாலை வசதி, ஆயரின் பிள்ளைகள் படிக்கப் பள்ளி வேன் வரும் வசதி என்று காரணம் சொல்லிச் சொல்லி, ஐம்பது ஆண்டுகளில் அது காலனியிலிருந்து மெயின் ரோட்டுக்கு நகர்ந்துவிட்டது. காலனிக்காரர் ஆயரைப் பார்க்க இப்போது செருப்பைக் கழற்றிவிட்டு வரவேண்டிய வீடாகிவிட்டது. நாம் போதகரை 'ஐயர்' என்று அழைக்கிற வழக்கத்தையும் இங்கே யோசிக்கலாம். இழிவு செய்யப்பட்டவர்கள் தங்கள் பிள்ளையை ஐயர் என்று கூப்பிடுவதில் ஒரு பழிவாங்கும் இன்பம் இருக்கிறது என்பார் என் அப்பா. எனக்கு அந்தச் சொல் பிடிக்காது. இருவரும் இன்னும் சண்டை போடுகிறோம்.

பணி நியமனத்தில் சாதி என்றால் மேலிடம் உடனே மறுக்கும். தலித் பிஷப்புகள் இல்லையா, எம். அசரியாவும் வி. தேவசகாயமும் சென்னைப் பேராயத்தின் பேராயர்களாக இருந்தார்களே, 2022 ஆகஸ்டில் ஐதராபாத் பேராயர் அந்தோனி பூலா இந்தியாவின் முதல் தலித் கர்தினால் ஆனாரே என்பார்கள். உண்மை. அதே 2022இல் புதுச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டத்துக்குப் பேராயர் அறிவிக்கப்பட்டபோது தலித் கிறித்தவர் அமைப்புகள் தெருவுக்கு வந்ததும் உண்மை. வந்த மனிதர் மீதல்ல அவர்கள் கோபம். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கரில் பெரும்பான்மையோர் தலித்துகளாக இருந்தும் மேய்ப்பர் பட்டியலில் அந்தக் கணக்கு ஏன் தெரிவதில்லை என்பதே கேள்வி. 2003 நவம்பரில் தமிழக ஆயர்களைச் சந்தித்த போப் இரண்டாம் ஜான்பால் சாதிப் பாகுபாட்டை வெளிப்படையாகக் கண்டித்தார். 2016இல் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை ஆவணமே வெளியிட்டது. இடையில் 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டம் எறையூரில் தலித் கிறித்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதைத் தொடர்ந்த மோதலில் போலீஸ் சுட்டு இருவர் செத்தார்கள். ஆவணத்துக்கும் பந்திக்கும் இடையே உள்ள தூரம் அது.

எனக்குக் கர்தினால்கள் பற்றி அதிகக் கவலை இல்லை. லோடு ஆட்டோவில் வந்து இறங்கிய அந்த இளைஞரைப் பற்றித்தான் கவலை. அவருக்கு நடப்பதைக் கேட்க ஒரு சட்டம்கூட இல்லை. 1950 குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி அவரைப் பட்டியலிலிருந்து வெளியே தள்ளுகிறது. சீக்கியருக்கு 1956இல், பௌத்தருக்கு 1990இல் திறந்த கதவு கிறித்தவருக்கும் இசுலாமியருக்கும் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர். கும்மிடிப்பூண்டியிலிருந்து ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரம். அங்கே குண்டூர்ப் பக்கம் ஒரு போதகர், தன்னைச் சாதி சொல்லி இழிவுபடுத்தித் தாக்கியதாக வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கொடுத்த வழக்கை 2025இல் ஆந்திர உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. கிறித்தவராகிப் பத்தாண்டு போதகராக இருப்பவர் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பைக் கேட்க முடியாதாம். அடித்தவனுக்கு அவர் சாதி தெரிகிறது, சட்டத்துக்குத் தெரியவில்லை. 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றம் கிறித்தவ ஆதிதிராவிடருக்கும் பட்டியலின உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. தில்லிக்குத்தான் காது வேண்டும்.

சட்டம் வரும்போது வரட்டும். சபைக்கு எந்தச் சட்டத்தின் அனுமதியும் தேவைப்படாத வேலைகள் இருக்கின்றன. பணியிட மாற்றத்துக்கு முன்பு கமிட்டிக்காரர்கள் தலைமையிடத்துக்குத் தனியாகப் போய் "எங்க சபைக்கு ஏத்த மாதிரி ஆளா அனுப்புங்க" என்று சொல்வது எல்லோருக்கும் தெரிந்த இரகசியம். 'ஏத்த மாதிரி' என்றால் என்னவென்று அந்த அறையில் யாரும் விளக்கம் கேட்பதில்லை. இனி அப்படிப் போகிறவர்கள் எழுதிக் கொடுக்கட்டும், அது கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படட்டும். கையெழுத்துப் போட எத்தனை பேர் வருவார்கள் என்று பார்ப்போம். குருமனையை மறுபடி காலனிக்குள் கொண்டு போக முடியாவிட்டால், புது ஆயரின் முதல் பத்து நாளையாவது காலனி நடத்தட்டும். மதுரை இறையியல் கல்லூரியில் பாடமும் பாட்டும் சொல்லிக்கொடுத்த தியோபிலஸ் அப்பாவு, நம் 'பரட்டை' அண்ணன், ஒரே உலையில் பொங்கி ஒன்றாகத் தின்பதையே வழிபாடாக வைத்தார். அவர் பாட்டை எல்லாக் கோயிலிலும் தவில் வைத்துப் பாடுகிறோம். உலையை மட்டும் விட்டுவிட்டோம்.

இங்கே நிறுத்தினால் கட்டுரை எனக்கு வசதியாக முடிந்துவிடும். அப்படி முடிக்கக் கூடாது.

எனக்குப் பதினான்கு வயது இருக்கும். எங்கள் சேரிச் சபைக்கு உதவி ஊழியராக ஒரு அண்ணன் வந்தார். இருளர். இந்த மாவட்டத்தில் இருளர் மக்கள் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கொத்தடிமைகளாகக் கிடந்ததும், இன்னும் கிடப்பதும் நமக்குத் தெரியும். அவரும் ஒரு சூளையில் பிறந்தவர். எங்கள் வீட்டில்தான் தங்க வைத்தார்கள். அப்பா அவரைக் கட்டிப்பிடித்து வரவேற்றார். அம்மா சோறு போட்டார், மீன் குழம்பு வைத்தார், எந்தக் குறையும் இல்லை. தட்டு மட்டும் வேறு. அடுக்களையின் வெளிச்சுவர்ப் பிறையில் ஒரு அலுமினியத் தட்டு, ஒரு டம்ளர். சாப்பிட்டு முடித்து அவரே கழுவிக் கவிழ்த்து வைப்பார். எட்டு மாதம். ஊர்த்தெரு டீக்கடையில் எங்களுக்குத் தனிக் குவளை வைத்திருந்த கதையை அப்பா பிரசங்கத்தில் சொல்வார், அண்ணன் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்பார். அந்தத் தட்டைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் பேசவில்லை. அதை நான் பார்த்திருந்தேன் என்பதே இருபதுகளின் நடுவில், ஆவணக் காப்பகத்தில் இராசநாயக்கனைப் பற்றிய ஒரு கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் நினைவுக்கு வந்தது.

இப்போது சிப்காட்டில் ஒடிசாக்காரர்கள், சார்க்கண்ட்காரர்கள். 2008இல் கந்தமாலில் வீடு எரிந்து ஓடியவர்களின் பிள்ளைகளை இங்கே ஆலை வாசலில் சந்தித்திருக்கிறேன். பாணர், கந்தா, ஒராவோன். அவர்களுக்கென்று ஒடியா பேசும் போதகர் ஒருவர் வந்திருக்கிறார். தகரக் கொட்டகை வரிசையில் ஒரு அறை. பட்டியல் ஒட்டியிருந்த அதே சபை ஞாயிறு மதியம் இரண்டு மணி நேரம் கோயிலைக் கொடுக்கிறது. நிபந்தனைகள் உண்டு. ஒலிபெருக்கியைத் தொடக்கூடாது, சமையல் பாத்திரம் எடுக்கக்கூடாது. அந்த நிபந்தனைக்குக் கமிட்டியில் கை தூக்கியவர்களில் காலனிக்காரர் இருவரும் உண்டு. ஒலிபெருக்கி விலை அதிகம், சரி. பாத்திரத்துக்கு என்ன?

வந்தவாசிக்கார ஆயர் பட்டியலைக் கிழிக்கவில்லை. ஒன்பதாம் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பெயர் போட்டிருந்த வீட்டுக்குப் போன் செய்து, இன்று வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மனைவி குழந்தையோடு காலனிக்கு நடந்தார். கோட்டுக்குக் கீழே முதலில் இருந்த பெயர் ஒரு விதவைத் தாயுடையது. இருநூறு ரூபாய் என்று எழுதியிருந்த வீடு. முன்கூட்டிச் சொல்லாமல் போனதால் அங்கே இரண்டு பேருக்குத்தான் சோறு இருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து கருவாட்டுக் குழம்பு, எதிர் வீட்டிலிருந்து முட்டை. மறுநாளிலிருந்து பட்டியலில் மூன்று குடும்பங்கள் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டன. தலைமையிடத்துக்கு இப்போது ஒரு புகார் போயிருக்கிறது: ஆயர் சபை ஒழுங்கைக் குலைக்கிறார். விசாரணை வரும் என்கிறார்கள். வந்தால் காலனியிலிருந்து நாற்பது பேர் போய்ப் பேசுவது என்று முடிவு செய்திருக்கிறார்கள். ஒடியாப் போதகரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்குத் தமிழ் வராது, யாராவது மொழிபெயர்க்க வேண்டும்.

இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு முன் அந்த இருளர் அண்ணனின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். ஊத்துக்கோட்டைப் பக்கம் சொந்தமாக ஒரு சிறு சபை நடத்துகிறார். தட்டைப் பற்றி எழுதப்போகிறேன், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அம்மா படிப்பாங்களா?" என்று கேட்டார். படிப்பார்கள் என்றேன். "அப்ப எழுது" என்றார்.